சுவரின் கடைசி ஆண்டு – 7: வேலிக்கு உள்ளே நாலாயிரம் பேர்

சென்ற வாரம் ஹங்கேரியில் நிறுத்தினோம். 1989 மே மாதம் ஆஸ்திரிய எல்லையில் இருந்த கம்பிவேலியைக் கழற்றத் தொடங்கியது ஹங்கேரி. ஆகஸ்ட் 19 அன்று சோப்ரோன் நகருக்கு அருகே நடந்த பிக்னிக்கில், அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் எல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி எல்லையையே திறந்துவிட்டது.

கிழக்கு பெர்லின் ஆத்திரப்பட்டது. ஹங்கேரிக்குப் போக விண்ணப்பித்தவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஏற்கெனவே கிளம்பியவர்களில் பலர் வழியிலேயே தடுக்கப்பட்டார்கள்.

ஆனால் ஒரு கதவு மட்டும் திறந்தே இருந்தது. 1972 முதல் கிழக்கு ஜெர்மானியர்கள் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போக விசா தேவையில்லை. அடையாள அட்டை போதும். டிரெஸ்டனில் காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் பிராக்.

அங்கே ஓர் அரண்மனை இருந்தது.

*

பிராக் கோட்டைக்குக் கீழே, மாலா ஸ்த்ரானா பகுதியில், வ்லாஷ்ஸ்கா என்ற ஏற்றமான குறுகிய தெரு. அதில் லோப்கோவிட்ஸ் மாளிகை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பரோக் பாணிக் கட்டடம். முன்பக்கம் தெருவை ஒட்டி நிற்கும். பின்பக்கம் பெரிய தோட்டம், மரங்கள், இரும்பு வேலி. வேலிக்கு அப்பால் பெட்ரின் குன்று. தோட்டத்தைப் பார்த்தபடி முதல் மாடியில் ஒரு பால்கனி. இந்த பால்கனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1974 முதல் இதுதான் மேற்கு ஜெர்மனியின் தூதரகம்.

தூதரகம் என்றால் அந்நிய மண், உள்ளே போய்விட்டால் வேறு நாட்டுக்குப் போன மாதிரி என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாக்கள் செய்த உபயம். உண்மை அதைவிடச் சிறியது. 1961-ம் ஆண்டு வியன்னா உடன்பாட்டின் 22-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: தூதரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் அந்த வளாகத்துக்குள் நுழையக்கூடாது. மண் உள்ளூர் மண்தான். சட்டமும் உள்ளூர்ச் சட்டம்தான். போலீஸ் மட்டும் வர முடியாது.

புகலிடம் கொடுக்கும் உரிமை என்று எதுவும் அந்த உடன்பாட்டில் கிடையாது. லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்களுக்குள் அப்படி ஒரு வழக்கத்தை வைத்திருந்தன. ஐரோப்பாவில் அதுவும் இல்லை. தூதரகத்தில் தஞ்சம் புகுந்தவர் பத்திரமாக இருக்கலாம். வெளியேறத்தான் வழி இருக்காது. ஹங்கேரியின் கர்தினால் மின்ட்சென்டி 1956-ல் புடாபெஸ்டின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்தார். வெளியே வந்தது 1971-ல்.

பிராக் கதையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் செக் நாட்டவர்கள் அல்ல. மேற்கு ஜெர்மனியின் பார்வையில் அவர்கள் அந்நியர்களும் அல்ல. மேற்கு ஜெர்மனியின் சட்டப்படி ஜெர்மன் குடியுரிமை ஒன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவரும் ஜெர்மானியரே. கேட்டால் பாஸ்போர்ட் கொடுத்தாக வேண்டும்.

கொடுப்பது எளிது. ஆனால் அந்த பாஸ்போர்ட்டைக் காட்டி எல்லையைத் தாண்ட முயன்றால், செக் காவலர் முதலில் தேடுவது உள்ளே வந்த முத்திரையை. அது இருக்காது. அங்கேயே பிடித்து கிழக்கு ஜெர்மன் போலீஸிடம் ஒப்படைத்துவிடுவார்கள். தோழமை நாடுகள் ஒன்றின் குடிமகனை இன்னொன்று மேற்கே விடுவதில்லை என்பது அந்த முகாமின் ஏற்பாடு. ஆகவே, தூதர் கையெழுத்துப் போட்ட பாஸ்போர்ட் தூதரகத்தின் வாசல்வரைதான் செல்லும்.

*

இது முதல் தடவையும் அல்ல.

1984 பிப்ரவரியில் ஒரு குடும்பம் இதே மாளிகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் குடும்பத்துப் பெண்மணி கிழக்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி ஷ்டோஃபின் உறவினர். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், பெர்லினுக்குத் தலைகுனிவு. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கூட்டம் நூற்றைம்பதைத் தாண்டியது. தூதரகத்தைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று.

அப்போது பிரச்சினையைத் தீர்த்தவர் வொல்ஃப்காங் ஃபோகல். கிழக்கு பெர்லின் வழக்கறிஞர். 1962-ல் சோவியத் உளவாளி ஆபெலையும் அமெரிக்க விமானி பவர்ஸையும் பாலத்தில் வைத்து மாற்றிக்கொண்டார்களே, அந்தப் பேரத்தில் இருந்தவர். அதன்பின் அவருடைய முக்கிய வேலை, கிழக்கின் அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனி பணம் கொடுத்து மீட்கும் ஏற்பாடு. 1960-களில் தொடங்கி 1989 வரை 33,000-க்கும் மேற்பட்ட கைதிகள் இப்படி விலைக்கு வந்தார்கள். ஓர் அரசு தன் குடிமக்களை விற்று அந்நியச் செலாவணி ஈட்டியது என்பதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கலாம்.

1984-ல் தூதரகத்தில் இருந்தவர்களிடம் ஃபோகல் சொன்னது: வீட்டுக்குத் திரும்புங்கள், தண்டனை இல்லை, முறைப்படி விண்ணப்பியுங்கள், அனுமதி கிடைக்கும். தயங்கினார்கள், சிலர் உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். கடைசியில் 1985 ஜனவரியில் எல்லோரும் கிளம்பினார்கள். சொன்னபடி அனுமதியும் வந்தது.

இந்த வழி வேலை செய்ததற்குக் காரணம், அதைத் தவிர வேறு வழி இல்லாததுதான். 1989-ல் நிலைமை அப்படி இல்லை.

*

1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் கிழக்கு பெர்லினில் இருந்த மேற்கு ஜெர்மனியின் நிரந்தரப் பிரதிநிதித்துவ அலுவலகம் நிரம்பிவிட்டது. 8-ம் தேதி கதவை மூடினார்கள். அடுத்து புடாபெஸ்ட் தூதரகம். ஆகஸ்ட் பிற்பகுதியில் பிராக்.

தூதர் ஹெர்மன் ஹூபர் வாசலை மூடினார். அதனால் என்ன? முன்வாசல்தானே மூடியிருக்கிறது!

மக்கள் மாளிகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்கள். இரும்பு வேலி ஆளுயரத்துக்கு மேல். முதலில் பைகள் பறந்தன. பிறகு குழந்தைகளைத் தூக்கி உள்ளே இருந்தவர்களின் கையில் கொடுத்தார்கள். தள்ளுவண்டிகள் வேலிக்கு மேலே கைமாறின. பெற்றோர் கடைசியில் ஏறினார்கள்.

செக் போலீஸ் சில நேரம் வேடிக்கை பார்த்தது. சில நேரம் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தது. உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். வேலி மேல் ஒரு மனிதன், கீழே இருபுறமும் இழுக்கும் கைகள்: அந்தப் படங்கள் உலகம் முழுவதும் அச்சாயின.

சுற்றியிருந்த தெருக்களில் டிராபண்ட் கார்கள் அனாதையாக நின்றன. சிலவற்றில் சாவிகூட இருந்தது. இதன் கனம் புரிய ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் வாங்கப் பதிவு செய்தால் கைக்கு வர பத்தாண்டுக்கு மேல் ஆகும். பிள்ளை பிறந்தவுடன் பெயரைப் பதிந்து வைக்கும் பெற்றோர் உண்டு. அப்படிக் கிடைத்த காரைத் தெருவோரம் விட்டுவிட்டு, இரண்டு பைகளோடு ஒரு குடும்பம் வேலி ஏறுகிறது.

ஏழைகளோ வேலையற்றவர்களோ அல்ல. மெக்கானிக், நர்ஸ், ஆசிரியர், ஓட்டுநர். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர்கள். வேலையும் வீடும் இருந்தன. இன்னும் நாற்பது வருடம் இப்படியேதான் ஓடும் என்ற எண்ணத்தைத் தாங்க முடியாதவர்கள். கோர்பச்சேவின் மாஸ்கோ மாறியது, வார்சா மாறியது, புடாபெஸ்ட் மாறியது. தங்கள் ஊரில் மட்டும் எழுபத்தேழு வயதுத் தலைவர் ஹோனெக்கர், சுவர் இன்னும் நூறு ஆண்டுகள் நிற்கும் என்று அந்த ஜனவரியில்தான் பேசியிருந்தார்.

*

உள்ளே நடந்தது ஓர் அரண்மனை முகாமாக மாறிய கதை.

முதலில் வந்தவர்களுக்கு அறைகள் கிடைத்தன. சித்திர வேலைப்பாடு கொண்ட கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில்கள் போட்டார்கள். அவை நிரம்பின. பிறகு படிக்கட்டுகள், ஒரு படிக்கு ஒருவராகப் படுத்தார்கள். பிறகு தோட்டத்தில் கூடாரங்கள். ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் சமையல் கொட்டகை அமைத்தது. பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்கூடத் தொடங்கினார்கள்.

செப்டம்பர் பிற்பகுதியில் மழை பிடித்துக்கொண்டது. புல்வெளி சேறாயிற்று. கூடாரத்தில் படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்கினார்கள். கழிப்பறைக்கு நீண்ட வரிசை. குளிர் ஏற ஏற, தொற்றுநோய் பரவிவிடுமோ என்று மருத்துவர்கள் பயந்தார்கள்.

ஹூபரும் அவருடைய ஊழியர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். வேலைக்குச் சேரும்போது எந்தத் தூதரக அதிகாரிக்கும் போர்வைக் கணக்கும் பால்பவுடர்க் கணக்கும் பார்க்கச் சொல்லித்தருவதில்லை. இவர்கள் பார்த்தார்கள். விருந்து, கொடியேற்றம், கடிதப் போக்குவரத்து என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு தூதரகத்தின் முழு வேலையும், சில வாரங்களில், ஒரு சிற்றூரை நிர்வகிப்பதாக மாறிவிட்டது.

இன்னொரு சங்கடம், பக்கத்தில் படுத்திருப்பவர் யார் என்ற சந்தேகம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாஸியின் உளவாளிகளும் வேலி ஏறியிருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரையும் முழுதாக நம்ப முடியாது. ஆனாலும் ரொட்டியைப் பகிர்ந்துகொண்டாக வேண்டும்.

செப்டம்பரில் ஃபோகல் மறுபடி வந்தார். அதே வாக்குறுதி: திரும்புங்கள், தண்டனை இல்லை, ஆறு மாதத்துக்குள் வெளியேற அனுமதி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தங்கம் போல் மதிப்பிருந்த சொற்கள். இப்போது கூட்டம் அவரை ஏளனமாகப் பார்த்தது. சிலர் ஏற்றுக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள், மிகப்பெரும்பாலோர் அசையவில்லை. ஹங்கேரி வழியாக ஆயிரக்கணக்கானோர் ஒரு காகிதமும் இல்லாமல் மேற்கே போய்ச் சேர்ந்திருக்கும்போது, நாம் ஏன் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்?

ஃபோகல் போன பிறகும் வேலி ஏறுவது நிற்கவில்லை. அதிகமாயிற்று.

*

இந்த நாடகத்தில் நாம் அதிகம் பேசாத ஒரு பாத்திரம், வீட்டுக்காரர். செக்கோஸ்லோவாகிய அரசு.

1968-ல் சோவியத் டாங்கிகள் வந்து சீர்திருத்தத்தை நசுக்கியபின் அமர்த்தப்பட்ட ஆட்சியின் தொடர்ச்சி அது. கட்சித் தலைவர் மிலோஷ் யாகெஷ். கோர்பச்சேவைக் கண்டு அஞ்சிய விதத்தில் அவர் ஹோனெக்கரின் உடன்பிறப்பு. ஹங்கேரி போல் எல்லையைத் திறந்துவிட அவருக்கு எண்ணமே இல்லை.

வேறு என்ன செய்யலாம்? தூதரகத்துக்குள் போலீஸை அனுப்பினால் உலகமே காறித்துப்பும். வேலியைச் சுற்றி சுவர் போல் போலீஸை நிறுத்தலாம். சில நாட்கள் செய்தும் பார்த்தார்கள். அப்போது தலைநகரின் நடுவில், சுற்றுலாப் பயணிகளின் கேமராக்களுக்கு முன்னால், தாயையும் குழந்தையையும் அடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. பிராக் மக்கள் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்யூனிஸ்ட் நாட்டின் குடிமக்கள் அரசின் முகத்துக்கு நேரே வேலி ஏறுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இது நல்ல பாடம் அல்ல.

ஆகவே, செப்டம்பர் கடைசி வாரத்தில் பிராக் பெர்லினிடம் சொன்னது சுருக்கமாக இதுதான்: உங்கள் ஆட்கள், உங்கள் தலைவலி, சீக்கிரம் முடியுங்கள்.

பெர்லினுக்கும் அவசரம் இருந்தது. அக்டோபர் 7 கிழக்கு ஜெர்மனியின் நாற்பதாவது பிறந்தநாள். கோர்பச்சேவ் வருகிறார். ராணுவ அணிவகுப்பு, தீப்பந்த ஊர்வலம் எல்லாம் தயார். அந்த நாளில் உலகத் தொலைக்காட்சிகள் பிராகின் சேற்றுத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தால்?

*

தோட்டத்தின் தலைவிதி நியூயார்க்கில் பேசப்பட்டது.

ஐ.நா. பொதுச்சபைக்காக எல்லா வெளியுறவு அமைச்சர்களும் அங்கே கூடியிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் ஹான்ஸ்-டீட்ரிஷ் கென்ஷர் வந்திருக்கவே கூடாது. ஜூலையில் மாரடைப்பு வந்து தேறிக்கொண்டிருந்தவர். ஆனால் கென்ஷருக்கு இது கோப்பில் இருக்கும் விவகாரம் மட்டுமல்ல. அவர் பிறந்தது கிழக்கில், ஹாலே நகரத்துக்குப் பக்கத்தில். 1952-ல் அவரே அங்கிருந்து கிளம்பி மேற்கே வந்தவர்.

கிழக்கு ஜெர்மன் அமைச்சர் ஆஸ்கர் ஃபிஷரைப் பார்த்தார். செக் அமைச்சர் யோஹானெஸைப் பார்த்தார். சாவி இருவரிடமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். சோவியத் அமைச்சர் ஷெவர்த்நாட்சேயைப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் தன் கார் கிடைக்காமல், நியூயார்க் போலீஸ் காரில், சைரன் அலற சோவியத் அலுவலகத்துக்குப் போய் இறங்கினார்.

நிலைமையை விவரித்தார். ஷெவர்த்நாட்சே கேட்ட கேள்வி, அங்கே குழந்தைகள் இருக்கிறார்களா என்பது. நிறைய என்றார் கென்ஷர். உதவுகிறேன் என்றார் ஷெவர்த்நாட்சே. கென்ஷர் பிற்காலத்தில் இந்த உரையாடலைப் பலமுறை சொல்லியிருக்கிறார். குழந்தைகள் என்ற சொல் மனதைத் தொட்டது உண்மையாகவே இருக்கலாம். அதே நேரம், ஹோனெக்கரைக் காப்பாற்றும் ஆர்வம் அந்த ஆண்டு மாஸ்கோவில் யாருக்கும் பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செப்டம்பர் 29 மாலை. கிழக்கு பெர்லின் ஓபரா அரங்கத்தில் ஒரு விழா. சீன மக்கள் குடியரசின் நாற்பதாவது ஆண்டு. தியனன்மென் சதுக்கத்தில் ரத்தம் காய்ந்து நான்கு மாதம்கூட ஆகாத சமயம். கிழக்கு ஜெர்மனி அந்த நடவடிக்கையைப் பகிரங்கமாக ஆதரித்த நாடு. விழாவுக்கு வந்த அரசியல் தலைமைக் குழுவை அங்கேயே ஒரு கூடத்தில் கூட்டினார் ஹோனெக்கர்.

விட்டுவிடலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. ரயில்கள் பிராகிலிருந்து நேரே மேற்கே போகக்கூடாது. கிழக்கு ஜெர்மன் மண் வழியாக, டிரெஸ்டனைக் கடந்து, பவேரிய எல்லைக்குப் போக வேண்டும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? தப்பி ஓடினார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. நாங்கள்தான் வெளியேற்றினோம் என்று காட்ட வேண்டும். ரயில் நம் மண்ணில் ஓடும்போது நம் அதிகாரிகள் ஏறி, அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, குடியுரிமையிலிருந்து விடுவிப்பார்கள். யார் போனார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். அவர்களின் வீடுகளும் உடைமைகளும் அரசுக்கு வரும்.

காகிதத்தில் பார்த்தால் இறையாண்மையைக் காப்பாற்றும் ஏற்பாடு. தொடரின் போக்கில் நான் ஹோனெக்கரின் பல முடிவுகளை எழுதியிருக்கிறேன். இதைவிட விலை உயர்ந்த பிடிவாதம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

*

செப்டம்பர் 30, சனிக்கிழமை. காலையில் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில் கிழக்கு ஜெர்மனியின் பிரதிநிதி நோய்பவர் செய்தியைச் சொன்னார். கென்ஷரும் சான்ஸலர் அலுவலக அமைச்சர் ருடோல்ஃப் சைட்டர்ஸும் பிராகுக்கு விமானம் ஏறினார்கள். அகதிகளோடு அதே ரயிலில் தாங்களும் போவது அவர்கள் திட்டம். பிராக் வந்து இறங்கியபின், அமைச்சர்கள் ஏறக்கூடாது என்று கிழக்கு ஜெர்மனி மறுத்துவிட்டது. அதிகாரிகள் மட்டும் போகலாம்.

மாளிகைக்குள் கென்ஷர் நுழைந்தபோது படிக்கட்டு முழுக்க மனிதர்கள். படுத்திருந்தவர்களைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத்தில் நாலாயிரம் பேருக்கு மேல்.

மாலை ஏறக்குறைய ஏழு மணி. இருட்டிவிட்டது. தோட்டத்தைப் பார்த்த பால்கனியில் கென்ஷர் வந்து நின்றார்.

அன்பான நாட்டு மக்களே என்று தொடங்கினார். உங்களிடம் ஒன்றைத் தெரிவிக்க வந்திருக்கிறோம், இன்று உங்கள் வெளியேற்றம்…

அவ்வளவுதான். வாக்கியம் முடியவில்லை. சாத்தியமாகிவிட்டது என்ற இடத்துக்கு அவர் வருவதற்கு முன்பே தோட்டம் வெடித்தது. அழுகை, கூச்சல், கட்டிப்பிடித்தல். அந்த ஒலிப்பதிவை இன்று கேட்டாலும் அவர் சொல்ல வந்த மீதி கேட்காது. ஜெர்மானிய வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற முடியாத வாக்கியம் அது.

ஆனால் மிகக் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் இருந்தது.

கூச்சல் அடங்கியபின் வழியைச் சொன்னார். ரயில் கிழக்கு ஜெர்மனி வழியாகப் போகும். தோட்டத்தின் முகம் மாறியது. இல்லை, இல்லை என்று கத்தினார்கள். எந்த மண்ணிலிருந்து தப்பி வந்தார்களோ அதே மண்ணில், பூட்டிய ரயிலில், நள்ளிரவில். வழியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டால் யார் கேட்பது?

கென்ஷர் தன் கதையைச் சொன்னார். நானும் உங்களைப் போல் அங்கிருந்து வந்தவன்தான். உங்களுக்கு ஒன்றும் நேராது என்று நான் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கிறேன். ஒவ்வொரு ரயிலிலும் எங்கள் உயர் அதிகாரிகள் உங்களோடு வருவார்கள்.

அவரிடம் எழுத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை. பெர்லின் வார்த்தை தவறினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அது அவருக்கும் தெரியும்; கீழே நின்றவர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும்.

இருந்தும் பேருந்துகளில் ஏறினார்கள்.

*

பிராகின் லிபென் ரயில் நிலையம். ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் கிளம்பின. கென்ஷரின் அலுவலகத் தலைவர் ஃபிராங்க் எல்பே உள்ளிட்ட மேற்கு ஜெர்மன் அதிகாரிகள் கூடவே போனார்கள். விமானத்தில் வந்த அதே கோட்டு சூட்டோடு, மாற்றுடைகூட இல்லாமல்.

எல்லையைத் தாண்டி டிரெஸ்டன் வந்தபோது பெட்டிகளில் பேச்சு நின்றுவிட்டது. ரயில் மெதுவாகும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது. கடந்தது.

ரைக்கன்பாக்கில் ஸ்டாஸி ஆட்கள் ஏறினார்கள். அட்டைகளைக் கொடுங்கள். வாழ்நாள் முழுக்க இவர்களைக் கண்டால் தலைகுனிந்து பழகியவர்கள், அந்த இரவில் அட்டைகளை அவர்கள் காலடியில் விட்டெறிந்தார்கள். சிலர் கிழக்கு ஜெர்மன் நாணயங்களை ஜன்னல் வழியாக வீசினார்கள். சிலர் வீட்டுச் சாவியை.

வழியில் இன்னொன்றும் நடந்தது, பெர்லின் எதிர்பார்க்காதது. ரயில் வருகிறது என்ற செய்தி மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி வழியாகக் கிழக்கு முழுவதும் பரவியிருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளின் ஜன்னல்களில் மக்கள் நின்று கையசைத்தார்கள். சிலர் படுக்கை விரிப்புகளை ஆட்டினார்கள். யாருக்கும் தெரியாமல் மேற்கே போயிருக்க வேண்டிய நாலாயிரம் பேரை, தன் குடிமக்களின் கண்முன்னால், தன் செலவிலேயே ஊர்வலம் விட்டுவிட்டது கிழக்கு ஜெர்மன் அரசு.

அக்டோபர் 1, ஞாயிறு காலை. முதல் ரயில் பவேரியாவின் ஹோஃப் நிலையத்துக்குள் நுழைந்தது. நடைமேடையில் ஊர் மக்கள் தேநீரும் பழமும் துணிமணிகளுமாகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் கட்சி நாளேடான நோயஸ் டாய்ச்லாண்டில் ஒரு குறிப்பு வெளிவந்தது. போனவர்கள் தங்களைத் தாங்களே சமூகத்திலிருந்து விலக்கிக்கொண்டவர்கள், அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விட வேண்டியதில்லை என்றது. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தவர் ஹோனெக்கரே.

போனவர்களுக்கு அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊரில் மிச்சம் இருந்தவர்கள் அதைப் படித்தார்கள். அதுவரை அரசியல் பேசாத வீடுகளில்கூட அந்த ஒரு வரி பேச்சாயிற்று.

*

தோட்டம் காலியானது என்று பெர்லின் நினைத்தது. ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

ஹோஃபில் இறங்கியவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அன்றே கிளம்பினார்கள். அக்டோபர் 3-க்குள் மாளிகையில் மறுபடி ஆயிரக்கணக்கானோர். உள்ளே இடமில்லாமல் வ்லாஷ்ஸ்கா தெருவிலும் கூட்டம். குளிர் முந்தைய வாரத்தைவிடக் கடுமை.

அன்று கிழக்கு பெர்லின் இரண்டு முடிவுகள் எடுத்தது. ஒன்று, செக்கோஸ்லோவாகிய எல்லையையும் மூடுவது. பதினேழு ஆண்டுகளாகத் திறந்திருந்த கதவு சாத்தப்பட்டது. இனி ஒரு கிழக்கு ஜெர்மானியர் அனுமதி இல்லாமல் போகக்கூடிய நாடு என்று ஒன்றுமே இல்லை. இரண்டு, பிராகில் இருப்பவர்களை மறுபடி ரயிலில் அனுப்பிவிடுவது.

எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. டிரெஸ்டன் ரயில் நிலையத்திலேயே தங்கினார்கள். பிராகிலிருந்து ரயில்கள் வரப்போகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். மேற்கே போக மிச்சம் இருந்த ஒரே வழி, அந்த ரயிலில் எப்படியாவது தொற்றிக்கொள்வது. அக்டோபர் 4 மாலைக்குள் நிலையத்திலும் அதன் வாசலிலும் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. போலீஸ் தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. மூன்று நாளில் பெர்லினில் பிறந்தநாள் விழா.

பிராகிலிருந்து மேற்கே செப் வழியாக ஒரு ரயில் பாதை உண்டு. கிழக்கு ஜெர்மன் மண்ணைத் தொடாமல் நேரே பவேரியாவுக்குப் போகும் பாதை. முதல் பயணத்தில் என்ன நடந்தது என்று பெர்லின் பார்த்துவிட்டது. டிரெஸ்டனில் யார் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். கையில் சில மணி நேரம் இருக்கிறது.

ரயில்கள் எந்தப் பாதையில் திரும்பின?

(தொடரும்)